வெளிநாட்டு மேடைக்குப் போகும் மாற்றுத்திறனாளிக் கலைஞர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் ஐரோப்பாவுக்கும் பிரிட்டனுக்கும் நிகழ்ச்சி, பயிலரங்கு, கண்காட்சி என்று போகும் மாற்றுத்திறனாளிக் கலைஞர்களுக்கும் அவர்களை அழைத்துச் செல்லும் குழுக்களுக்கும் இந்தப் பக்கம். அங்கேயே குடியேறிவிட்ட தமிழ்க் கலைஞர்களுக்கான விஷயங்கள் பின்னால் தனிக் கேள்வியாக உள்ளன. கட்டணங்களும் கெடுக்களும் மாறக்கூடியவை. விண்ணப்பிக்கும் வாரத்தில் தூதரகத் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அழைப்பு வந்துவிட்டது. சம்மதம் சொல்லும் முன் செய்ய வேண்டியது என்ன?

இரண்டு தாள்களைத் தயார் செய்யுங்கள். ஒன்று, உங்கள் தேவைகளைச் சொல்லும் ‘அணுகல் ரைடர்’. ஒலி, ஒளிக்கு ரைடர் அனுப்புவோமே, அதுபோல இதையும் ஒப்பந்தத்தோடு இணைப்பது பிரிட்டனில் பரவலாகிவிட்டது. இன்னொன்று, அந்தத் தேவைகளுக்கு ஆகும் செலவு: உதவியாளரின் டிக்கெட், அவர் சம்பளம், அவருக்குத் தனி அறை, சாய்தள வண்டி, சைகைமொழி பெயர்ப்பாளர், ஓய்வுக்காகக் கூடுதலாகத் தங்கும் நாட்கள்.

இதில் அவசரம் காட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. ஐரோப்பிய விழாக்கள் பெரும்பாலும் பொதுப் பணத்தில் நடக்கின்றன. மானிய விண்ணப்பத்தில் எந்தத் தலைப்பில் எழுதினார்களோ அந்தத் தலைப்பில்தான் செலவழிக்க முடியும். கணக்கு மூடிய பிறகு உதவியாளருக்கு டிக்கெட் கேட்டால், “வேண்டுமானால் உங்கள் சன்மானத்தில் கழித்துக்கொள்ளலாமா?” என்பார்கள். கணக்கு திறந்திருக்கும்போதே கேட்டால் அதே ஆள் மறுபேச்சில்லாமல் எழுதிக்கொள்வார். இங்கிலாந்துக் கலை மன்றத்தின் திட்ட மானிய விண்ணப்பத்தில் கலைஞரின் சொந்த அணுகல் செலவுக்கென்றே இடம் இருக்கிறது. அழைப்பவருக்கே இது தெரியாமல் இருப்பதும் உண்டு, நீங்கள் நினைவூட்டலாம்.

ரைடரில் என்ன எழுதுவது? நோயின் பெயரைச் சொல்ல வேண்டுமா?

நோயின் பெயர் வேண்டாம். எண்கள் வேண்டும். “சக்கர நாற்காலி வசதி தேவை” என்று எழுதினால் அவர்கள் பார்வையாளர் பக்கத்துச் சாய்தளத்தைப் படம் எடுத்து அனுப்பி, “எல்லாம் இருக்கிறது” என்பார்கள். அதற்குப் பதிலாக இப்படி எழுதுங்கள்:

நாற்காலி அகலம் 68 செ.மீ., நீளம் 115 செ.மீ., எடை 140 கிலோ, நான் உட்கார்ந்தால் 205 கிலோ. கதவு வழி குறைந்தது 80 செ.மீ. திரும்புவதற்கு 150 செ.மீ.க்கு 150 செ.மீ. இடம். ஒரு படிகூட ஏற முடியாது. கழிப்பறையில் இருக்கைக்கு வலது பக்கம் நாற்காலி நிறுத்த 90 செ.மீ. இடம். குளியல் தொட்டி கூடாது. தரையோடு தரையாகத் தண்ணீர் ஓடும் குளியலிடமும் உட்கார்ந்து குளிக்கும் நாற்காலியும் வேண்டும். ஒத்திகை ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். 90 நிமிடத்துக்கு ஒருமுறை 20 நிமிட ஓய்வு. வந்திறங்கிய மறுநாள் ஒத்திகை இல்லை.

‘வலது பக்கம்’ என்று எழுதுவதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஒரு பக்கம் மட்டும் கைவலு உள்ளவருக்கு, இடம் இடது பக்கத்தில் இருந்தால் அந்தக் கழிப்பறை இருந்தும் இல்லாததுதான். விடுதியைப் பொறுத்தவரை நட்சத்திரத்தையும் ‘அணுகல் அறை’ என்ற பெயரையும் நம்ப வேண்டாம். குளியலறைக் கதவில் அளவு நாடா வைத்து எடுத்த படம் ஒன்று கேளுங்கள். தூக்கு கருவி பயன்படுத்துபவர் கட்டிலுக்கு அடியில் எத்தனை செ.மீ. இடைவெளி என்பதையும் கேட்க வேண்டும். ஐரோப்பிய விடுதிக் கட்டில்கள் பல அடிவரை மூடியவை, கருவியின் கால் உள்ளே போகாது.

அதே தாளில் இன்னொரு வரியையும் சேருங்கள்: விடுதியிலோ அரங்கிலோ தெருவிலோ இனவெறிச் சம்பவம் நடந்தால் எந்த நேரமும் கூப்பிடக்கூடிய ஒருவரின் பெயர், கைப்பேசி எண். அணுகல் பொறுப்பாளர் ஒருவர், ‘பன்முகத்தன்மை’ பொறுப்பாளர் வேறொருவர் என்று இருந்தால் இருவரும் ஒருவரை ஒருவர் கைகாட்டுவார்கள். ஒரே ஆளாக இருக்கட்டும்.

எந்த விசா?

ஷெங்கன் நாடுகளுக்கு (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) குறுகிய கால விசா: எந்த 180 நாட்களை எடுத்தாலும் 90 நாட்களுக்கு மேல் தங்கக்கூடாது. 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசி வரம்பு 15 நாள். முடிவுக்கு வழக்கமாக 15 நாள், சிக்கலான விண்ணப்பத்துக்கு 45 நாள் வரை எடுத்துக்கொள்வார்கள். பல நாடுகளில் நிகழ்ச்சி என்றால் அதிக நாள் தங்கும் நாட்டின் தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமானால் முதலில் நுழையும் நாடு.

விசா ஒன்று, வேலை செய்யும் அனுமதி வேறு. சன்மானம் வாங்கி ஆட அல்லது பாட அனுமதி உண்டா என்பதை ஒவ்வொரு நாடும் தனித்தனியே முடிவு செய்கிறது. பிரான்சில் கலை, பண்பாட்டு நிகழ்ச்சிகளுக்கு 3 மாதம் வரை தனி வேலை அனுமதி தேவையில்லை. ஜெர்மனியில் ஆண்டுக்கு 15 நாள் வரை ஒருநாள் நிகழ்ச்சிகள் நடத்துபவருக்கு விலக்கு உண்டு. பாரீஸில் சரியாக இருந்த தாள் பெர்லினில் போதாமல் போகலாம் என்பதால், அழைப்புக் கடிதத்தில் எந்தச் சட்டப் பிரிவின்கீழ் விலக்கு என்று விழாவினரே ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்கள்.

பிரிட்டனில் இரண்டு வழி. அங்குள்ள நிறுவனம் முன்கூட்டியே அழைத்த, சன்மானம் உள்ள நிகழ்ச்சி என்றால் பார்வையாளர் விசாவிலேயே போகலாம். நாட்டுக்குள் நுழைந்த 30 நாளுக்குள் நிகழ்ச்சி முடிய வேண்டும். நீண்ட வேலைக்குப் படைப்பாளர் பணி விசா. இதற்கு உரிமம் பெற்ற நிறுவனம் ஒன்று பொறுப்புச் சான்று தர வேண்டும். 1,270 பவுண்டு 28 நாள் உங்கள் கணக்கில் இருந்திருக்க வேண்டும் என்ற விதியையும் அந்த நிறுவனமே ‘செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று சான்றளித்துத் தீர்த்துவைக்கலாம். கேட்டால்தான் செய்வார்கள்.

உதவியாளர் எந்த விசாவில் வருவது? அம்மாவோ தம்பியோ வந்தால்?

ஒவ்வொருவருக்கும் தனி விண்ணப்பம், கட்டணமும் தனி. பிரிட்டன் பார்வையாளர் விதிகளில், கலைஞரோடு அதே நிகழ்ச்சிக்கு வரும் சொந்தப் பணியாளர் அனுமதிக்கப்படுகிறார், ஆனால் ஊரிலும் அவர் உங்களிடம் வேலை பார்ப்பவராக இருக்க வேண்டும். அதைக் காட்டச் சம்பளப் பட்டுவாடாவின் வங்கிப் பதிவோ பணி ஒப்பந்தமோ வேண்டும்.

நம் ஊரில் பெரும்பாலும் வீட்டார்தான் உதவியாளர். அங்கேதான் சிக்கல். அவர்களைச் சுற்றுலாப் பயணி என்று விண்ணப்பித்தால், இருவருமே கிளம்பினால் ஊரில் உங்களைக் கட்டிவைப்பது என்ன என்ற கேள்வி அதிகாரிக்கு எழும். ஆகவே விழாவின் அழைப்புக் கடிதத்தில் இருவர் பெயரும் கடவுச்சீட்டு எண்ணும் இருக்க வேண்டும். “இவர் இல்லாமல் கலைஞர் மேடையேற இயலாது, இவருடைய செலவு முழுவதும் எங்களுடையது” என்ற வரியும் வேண்டும். என்ன உதவி என்பதையும் எழுதச் சொல்லுங்கள்: நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாற்றுவது, உடை மாற்றுவது, இரவில் புரட்டிப் படுக்கவைப்பது. மருத்துவரின் ஆங்கிலச் சான்றும் அதையே சொல்ல வேண்டும். இரண்டும் முரண்பட்டால் சந்தேகம் வரும்.

எங்களைப் போன்றவர்களின் விண்ணப்பம் ஏன் அதிகம் தள்ளுபடியாகிறது?

விதியில் மாற்றுத்திறனாளி என்ற காரணம் எங்கும் இல்லை. ஆனால் அதிகாரி தேடுவது மாதச் சம்பளம், சொத்து, நிரந்தர வேலை. கலைஞருக்கு மாதச் சம்பளம் கிடையாது. மாற்றுத்திறனாளிக் கலைஞருக்கு வீடும் நிலமும் பெரும்பாலும் அண்ணன் பெயரிலோ அப்பா பெயரிலோ இருக்கும். ‘திரும்பிச் செல்வார் என்பதில் நியாயமான ஐயம்’ என்ற கட்டத்தில் குறி விழுவதற்கு இதுவே போதும். தென்னாசியக் கடவுச்சீட்டு அந்த ஐயத்தைத் தொடக்கத்திலேயே கொஞ்சம் ஏற்றிவைத்திருக்கும்.

கையில் இருப்பதைக் கொண்டு ஈடுகட்டலாம்: கடந்த 3 ஆண்டு வருமான வரிக் கணக்கு, ஊரில் ஒப்புக்கொண்ட அடுத்த நிகழ்ச்சிகளின் கடிதங்கள், தேதியோடு. நடனப் பள்ளியில் மாணவர் பதிவேடு இருந்தால் அது. முன்பு வெளிநாடு போய்த் திரும்பிய முத்திரைகள். விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் கணக்கில் திடீரென்று 3 லட்சம் போட்டுக் காட்டுவது நன்மையைவிடத் தீமைதான் செய்யும். அது எங்கிருந்து வந்தது என்ற கேள்வி கூடவே வரும். விழாவே செலவை ஏற்கிறது என்றால் அதை அந்தந்த நாட்டின் முறையான உறுதிமொழிப் படிவத்தில் வாங்குங்கள்.

தள்ளுபடியானால் காரணம் குறித்த படிவம் தருவார்கள். அந்தக் காரணத்துக்கு மட்டும் பதில் தயாரித்து மறுபடி விண்ணப்பிப்பது பல நேரம் மேல்முறையீட்டைவிட விரைவு. ஜெர்மனியைப் பொறுத்தவரை தூதரகத்திலேயே ஆட்சேபம் எழுதும் பழைய வழி 2025 ஜூலை 1 முதல் இல்லை. மறு விண்ணப்பம் அல்லது நீதிமன்றம்தான்.

இது இனப்பாகுபாடு என்று ஐரோப்பாவில் வழக்குப் போட முடியாதா?

ஏறத்தாழ முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் இனச் சமத்துவச் சட்டம் 2000ஆம் ஆண்டின் 43ஆம் எண் நெறியாணை. வேலை, வீடு, கடை, சேவை எல்லாவற்றிலும் இனப்பாகுபாட்டை அது தடை செய்கிறது. ஆனால் அதன் 3ஆம் பிரிவின் 2ஆம் உட்பிரிவு, நாட்டுரிமை அடிப்படையிலான வேறுபாட்டையும் வெளிநாட்டவரின் நுழைவு விதிகளையும் வெளியே நிறுத்திவிடுகிறது. அரங்கத்துக்குள் உங்களை நிறத்துக்காக ஒதுக்கினால் சட்டம் உண்டு. அந்த அரங்கத்துக்கு வரவிடாமல் செய்தால் அந்தச் சட்டம் உதவாது. ஓட்டை தற்செயலாக விழுந்ததல்ல, தெரிந்தே விடப்பட்டது.

கைரேகை பதிய முடியாதவர் என்ன செய்வது?

உடல்ரீதியாக இயலாதவருக்கு ஷெங்கன் விதியிலேயே விலக்கு இருக்கிறது. பத்து விரலும் பதியாவிட்டால் எத்தனை முடியுமோ அத்தனை எடுப்பார்கள். கட்டுப் போட்டிருப்பது போன்ற தற்காலிகக் காரணம் என்றால் அடுத்த விண்ணப்பத்தில் பதிய வேண்டும். விண்ணப்ப மையத்தின் முகப்பில் இருப்பவர்களுக்கு இந்த விலக்கு எப்போதும் தெரிந்திருக்காது. மருத்துவச் சான்றோடு முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்பிப் பதிலை அச்செடுத்துப் போங்கள். 2025 அக்டோபர் 12 முதல் ஐரோப்பிய எல்லைகளில் படிப்படியாக வந்த புதிய நுழைவுப் பதிவு முறைக்கும் அதே தாள் உதவும்.

பார்வையற்றவர்களுக்கு வேறு தொல்லை: முன்பதிவுத் தளங்களின் படக்குறியீட்டை (கேப்ட்சா) திரைவாசிப்பான் படிக்காது. வேறொருவரை வைத்துப் பதிவு செய்யுங்கள், மின்னஞ்சல் முகவரி மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும்.

இந்திய மாற்றுத்திறனாளி அடையாள அட்டை அங்கே செல்லுமா?

சட்டப்படி செல்லாது. காட்டினால் அருங்காட்சியகத்தில் கட்டணச் சலுகை கிடைக்கலாம், அவ்வளவுதான்.

பயணக் காப்பீடு போதுமா?

ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். மலிவான பாலிசி அந்த எண்ணைக் காட்டி விசா வாங்கித் தரும். ஏற்கெனவே உள்ள உடல்நிலையால் வரும் செலவைக் கொடுக்காது. முதுகுத்தண்டுக் காயம் உள்ளவருக்குச் சிறுநீர்த் தொற்று வந்து மருத்துவமனையில் சேர்ந்தால் அதை ‘ஏற்கெனவே உள்ளது’ என்று தள்ளிவிடுவார்கள். முன்நோய்க்கும் பொருந்தும் பாலிசியைத் தேடி, விலை வித்தியாசத்தை விழாவின் கணக்கில் எழுதுங்கள். சக்கர நாற்காலி பெரும்பாலான பாலிசிகளில் ‘சாமான்’ வரம்புக்குள்தான் வரும்.

மின் சக்கர நாற்காலியை விமானத்தில் கொண்டுபோக முடியுமா?

முடியும். அதிகம் குழம்புவது இங்கேதான் என்பதால் விரிவாகவே சொல்கிறோம்.

பேட்டரியின் வகையை முதலில் பாருங்கள். லித்தியம் அயான் என்றால் கணக்கு வாட்-அவரில். வோல்ட்டையும் ஆம்பியர்-அவரையும் பெருக்குங்கள்: 24 வோல்ட், 12 ஆம்பியர்-அவர் என்றால் 288. நாற்காலி மடக்குவது, பேட்டரியைக் கழற்ற வேண்டும் என்றால், கழற்றிய பேட்டரி 300 வாட்-அவருக்குள் இருக்க வேண்டும். இரண்டு பேட்டரியில் ஓடுவது என்றால் ஒவ்வொன்றும் 160க்குள். கழற்றியதை உங்களோடு பயணியறைக்குக் கொண்டுபோக வேண்டும், சரக்கறையில் போடக்கூடாது. முனைகளில் மின்காப்பு நாடா ஒட்டி, ஒவ்வொன்றையும் தனிப் பையில் வையுங்கள். உபரியாக 300க்குள் ஒன்று அல்லது 160க்குள் இரண்டு. 24 வோல்ட், 20 ஆம்பியர்-அவர் பேட்டரி 480 ஆகிவிடும். அதைக் கழற்றிக் கொண்டுபோக விடமாட்டார்கள். நாற்காலியிலேயே பத்திரமாகப் பொருத்தியபடி போகும் பேட்டரிக்கு இந்த உச்சவரம்பு கிடையாது. கசியாத ஜெல் பேட்டரிக்கு நடைமுறை எளிது. எதுவானாலும் வாட்-அவர் அச்சிட்ட லேபிள் அழிந்திருந்தால் கவுன்ட்டரில் நிறுத்திவிடுவார்கள். தயாரிப்பாளரின் தாளைக் கையில் வைத்திருங்கள்.

இரண்டாவது, உயரம். போயிங் 737இன் சரக்கறைக் கதவு ஏறத்தாழ 85 முதல் 90 செ.மீ. உயரம்தான். முதுகுப் பலகை மடங்காத நாற்காலியைச் சாய்த்துப் படுக்கவைத்து ஏற்றுவார்கள்; ஜாய்ஸ்டிக் உடைவது பெரும்பாலும் அப்போதுதான். ஏர்பஸ் 320இன் கதவு இதைவிட உயரம். டிக்கெட் எடுக்கும்போதே விமான வகையைப் பாருங்கள்.

மூன்றாவது, குறியீடு. டிக்கெட் முகவர் ‘சக்கர நாற்காலி’ என்று பொதுவாகப் போட்டால் கணினியில் டபிள்யூ.சி.எச்.ஆர். என்று ஏறும். அதன் பொருள், இவர் படியேறுவார், நடப்பார், தூரம்தான் முடியாது என்பது. படி ஏற முடியாதவருக்கு டபிள்யூ.சி.எச்.எஸ். அறவே நடக்க முடியாதவருக்கு டபிள்யூ.சி.எச்.சி. கடைசி எழுத்து தவறினால், இருக்கை வரை கொண்டுபோகும் குறுகிய நாற்காலியும் தூக்கிவிடும் இருவரும் வரமாட்டார்கள். விமானக் கதவில் உட்கார்ந்து காத்திருக்க வேண்டியதுதான். உதவி தேவை என்பதைப் புறப்படுவதற்கு 48 மணி நேரம் முன் தெரிவிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006ஆம் ஆண்டின் 1107ஆம் எண் விதிப்படி, அங்கிருந்து புறப்படும் விமானங்களில் நடமாட்டக் கருவிகள் இரண்டு வரை இலவசம்.

கிளம்பும் நாளில் மெத்தை, ஜாய்ஸ்டிக், கால்வைக்கும் தட்டு, கழற்றக்கூடிய எல்லாவற்றையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். எப்படித் தூக்க வேண்டும், எதைப் பிடித்துத் தூக்கக்கூடாது, பிரேக்கை எப்படி விடுவிப்பது என்று படத்தோடு ஒரு தாள் லேமினேட் செய்து முதுகில் கட்டுங்கள். நான்கு பக்கமும் படம் எடுங்கள், நேரம் தெரியும்படி. மாறும் விமான நிலையத்தில் நாற்காலி விமானக் கதவுக்கே வர வேண்டும் என்று ஒவ்வொரு கட்டத்திலும் திரும்பச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அது நேரே கடைசி ஊருக்குப் போய்விடும். துபாய், தோகா போன்ற இடங்களில் மாற மூன்று மணி நேரத்துக்குக் குறைவாக வைக்காதீர்கள்.

நாற்காலி உடைந்து வந்தால்?

விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன் சாமான் சேத அறிக்கை எழுதி வாங்குங்கள். 7 நாளுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். தாமதமாக வந்ததற்கு 21 நாள். விமான நிறுவனங்கள் தர வேண்டிய இழப்பீட்டை வரையறுக்கும் மொன்றியல் உடன்படிக்கைப்படி நாற்காலியும் சாமான்தான்: ஒரு பயணிக்கு உச்சவரம்பு 1,519 சிறப்பு எடுப்புரிமை அலகுகள் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), அதாவது ஏறத்தாழ 2,000 டாலர் (2024 டிசம்பர் 28 முதல்). நல்ல மின் நாற்காலியின் விலையில் இது ஒரு சிறு பகுதிதான். அதே உடன்படிக்கையில் ஒரு வழி இருக்கிறது: சாமானை ஒப்படைக்கும்போது அதன் உண்மை மதிப்பைச் சிறப்பாக அறிவித்தால் வரம்பு உயரும், கூடுதல் கட்டணம் கேட்கலாம். கவுன்ட்டர் ஊழியருக்கு அந்தப் படிவமே தெரியாமல் இருக்கும், முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.

விழாவிடமும் ஒரு கேள்வி: ஊருக்குள் நாற்காலி பழுதுபார்க்கும் கடை, வாடகைக்கு நாற்காலி தரும் கடை எது? உடைந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை தேடினால் எல்லாம் பூட்டியிருக்கும்.

பாதுகாப்புச் சோதனையில் செயற்கைக் காலைக் கழற்றச் சொல்கிறார்களே?

1981இல் திருச்சி அருகே நடந்த விபத்தில் காலை இழந்து, செயற்கைக் காலோடு மேடையேறிய நடனக் கலைஞர் சுதா சந்திரன், ஒவ்வொரு முறையும் அதைக் கழற்றச் சொல்கிறார்கள் என்று 2021 அக்டோபரில் பிரதமருக்கே காணொளியில் முறையிட்டார். மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படை வருத்தம் தெரிவித்தது. பெயர் பெற்றவருக்கே இந்த நிலை.

தனியறையில், உங்கள் பாலினத்தவர், உங்கள் உதவியாளர் முன்னிலையில் சோதிக்கக் கேளுங்கள். கழற்றுவதற்குப் பதில் வெடிபொருள் சுவட்டுச் சோதனை கேளுங்கள். துணியால் துடைத்துக் கருவியில் வைப்பார்கள். கிளிசரின் உள்ள கைக்களிம்பு சில நேரம் அந்தக் கருவியைத் தவறாக ஒலிக்கவைக்கும், காலையில் தடவாதீர்கள். சலங்கை ஸ்கேனரில் கரும் பிண்டமாகத் தெரியும். தனிப் பையில் மேலாக வையுங்கள்.

ஐரோப்பிய நிலையங்களில் பழுப்பு நிறத்தவரைத் தனியே அழைப்பதும், நாற்காலியைத் தனியே சோதிப்பதும் ஒரே நாளில் இரண்டு முறையாக நடக்கும். ஒன்றரை மணி நேரம் கூடுதலாக ஒதுக்குங்கள். அழைப்புக் கடிதம் அந்நாட்டு மொழியிலும் கையில் இருக்கட்டும். தெருவில் போலீஸ் அடையாளம் கேட்டாலும் பயன்படும்.

அரங்கில் சாய்தளம் இருக்கிறது என்கிறார்கள். வேறென்ன கேட்க வேண்டும்?

யாருக்கான சாய்தளம் என்று கேளுங்கள். ஐரோப்பாவின் பழைய அரங்குகளில் பார்வையாளர் வழி சீராக்கப்பட்டிருக்கும். ஒப்பனை அறை நிலவறையில், மேடைக்குச் சுழல் படிக்கட்டு. மாற்றுத்திறனாளி பார்க்க வருவார் என்று நினைத்தவர்கள், ஆட வருவார் என்று நினைக்கவில்லை.

மேடை உயரத்தைக் கேட்டுக் கணக்குப் போடுங்கள். 60 செ.மீ. உயர மேடைக்கு 1:12 சரிவில் 7.2 மீட்டர் நீளச் சாய்தளம் வேண்டும். ஜெர்மானியத் தரத்தின் 6 சதவீதச் சரிவு என்றால் 10 மீட்டர், நடுவே ஓய்வுத் தளமும் சேர்த்தால் இன்னும் நீளும். “ஒரு பலகை வைத்துவிடுகிறோம்” என்பவரிடம் இந்த எண்ணைச் சொன்னாலே போதும், நாற்காலியோடு மேலே தூக்கும் ஏற்றுத்தளம் வாடகைக்கு எடுக்க ஒப்புக்கொள்வார். ஏற்றுத்தளத்தின் தாங்குதிறன் கிலோவில் எவ்வளவு என்பதையும் கேளுங்கள்; மேலே எழுதிய 205 கிலோவோடு உதவியாளரும் ஏறுவார். இடைவேளையில் நீங்கள் போய்வரக்கூடிய கழிப்பறை மேடைப் பக்கமே இருக்கிறதா என்பது தனிக் கேள்வி.

ஒளியமைப்பாளரிடம் ஒத்திகை நாளிலேயே பேசுங்கள். வெளிர்நிறத் தோலுக்கு அமைத்த ஒளியில் கருந்தோல் முகத்தின் பாவனை மூன்றாம் வரிசைக்கே தெரியாது. பக்க ஒளி சேர்த்தால் தெரியும். ஒப்பனைப் பொருளை ஊரிலிருந்தே எடுத்துப் போங்கள்.

காது கேளாத கலைஞருக்கு மொழிபெயர்ப்பு எப்படி?

உலகம் முழுக்க ஒரே சைகைமொழி என்று விழாவினர் நம்பிக்கொண்டிருப்பார்கள். ஜெர்மானிய, பிரிட்டிஷ், இந்தியச் சைகைமொழிகள் வெவ்வேறு. ஆகவே சங்கிலி தேவை: பேச்சு ஜெர்மனிலிருந்து ஜெர்மானியச் சைகைமொழிக்கு ஒருவர், அதிலிருந்து சர்வதேசச் சைகைக்கு, பெரும்பாலும் காது கேளாதவரான இன்னொரு பெயர்ப்பாளர். ஒருவர் 15–20 நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து செய்தால் தரம் விழும் என்பதால் இருவர் இருவராக மாறுவார்கள். நால்வர் வரை ஆகலாம். ஊரிலிருந்தே உங்கள் பெயர்ப்பாளரை அழைத்துப் போவது பல நேரம் மலிவு. நிகழ்ச்சிப் பிரதியை இரண்டு வாரம் முன் அவர்களுக்கு அனுப்புங்கள். சாப்பாட்டு நேரம், விமான நிலைய வரவேற்பு, செய்தியாளர் சந்திப்பு இவற்றுக்கும் மணிநேரம் எழுதுங்கள். மேடைக்கு மட்டும் ஆள் வைத்துவிட்டு மற்ற நேரமெல்லாம் உங்களை ஊமையாக உட்காரவைப்பது வழக்கமான தவறு.

மருந்துகள்?

அசல் பெட்டியில், மருந்தின் பொதுப்பெயர் எழுதிய ஆங்கிலச் சீட்டோடு, கைப்பையில். வலிக்கும் நரம்புக்கும் தரும் சில மருந்துகள், குறிப்பாக டிராமடால், கோடின், பிரிகாபலின், ஐக்கிய அரபு அமீரகத்தில் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. துபாய் வழியாகப் போய் நகருக்குள் தங்குவதானால் முன் அனுமதி வாங்குங்கள்.

அங்கே இனவெறிச் சம்பவம் நடந்தால் யாரிடம் போவது?

அன்றே எழுதி வையுங்கள்: நேரம், இடம், சொன்ன சொல், பார்த்தவர். விழாவுக்கு மின்னஞ்சல் அனுப்பிப் பெற்றுக்கொண்டதாகப் பதில் வாங்குங்கள். ஜெர்மனியின் சமநடத்தைச் சட்டத்தில் இழப்பீடு கோர 2 மாதம்தான் கெடு. ஊருக்கு வந்து ஆறப்போட்டால் கெடு தாண்டிவிடும்.

நிறத்துக்காகவா, உடலுக்காகவா என்று பிரித்துச் சொல்ல முடியாத சம்பவங்களே அதிகம். விடுதி வரவேற்பாளர் உங்களைப் பார்க்காமல் உதவியாளரிடம் பேசி, பிறகு இருவரிடமும் முன்பணம் கேட்கிறார் என்றால் அது எந்தக் கணக்கில் வரும்? இப்படி இரண்டு பாகுபாடுகள் பின்னிக்கிடப்பதைத்தான், இனத்தையும் பாலினத்தையும் முன்வைத்து, 1989இல் அமெரிக்கச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா கோட்பாடாக எழுதினார். சட்டம் இன்னும் எட்டவில்லை. பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டத்தில் இரட்டைப் பாகுபாட்டுக்கென்றே 14ஆம் பிரிவு எழுதினார்கள். அதை நடைமுறைக்குக் கொண்டுவரவே இல்லை. எனவே முறையீட்டில் இரண்டு காரணத்தையும் தனித்தனிப் பத்தியாக, இரண்டும் தனியே நிற்கும்படி எழுதுங்கள்.

நிகழ்ச்சிக்குப் பிறகு கலந்துரையாடலில் என் உடலைப் பற்றி மட்டுமே கேட்கிறார்கள்.

ஒப்பந்தத்தில் எழுதலாம்: கேள்விகள் கலையைப் பற்றி, நெறியாளர் மற்றவற்றை மறுப்பார். விளம்பரத்தில் ‘தடைகளை வென்ற’ போன்ற வாசகங்கள் உங்கள் ஒப்புதலின்றி அச்சாகக்கூடாது. தனி நேரம் எடுக்கும் பள்ளி விஜயம், நன்கொடையாளர் விருந்து இவற்றுக்குத் தனிச் சன்மானம் கேளுங்கள்.

நான் ஐரோப்பாவிலேயே வாழும் ஈழத்தமிழர். எனக்கு என்ன வேறுபாடு?

மூன்று விஷயம். அகதிப் பயண ஆவணம் வைத்திருப்பவர், ஷெங்கன் நாட்டு வதிவிட அட்டையோடு மற்ற ஷெங்கன் நாடுகளுக்கு 90 நாள் வரை போகலாம். பிரிட்டனுக்கு விசா வேண்டும். அடுத்தது நிதி: ஐரோப்பிய ஒன்றியத்தின் ‘கல்ச்சர் மூவ்ஸ் யூரோப்’ பயண மானியம் குடியுரிமையைப் பார்ப்பதில்லை, சட்டப்படி வசிப்பதைப் பார்க்கிறது, மாற்றுத்திறனாளிகளுக்குக் கூடுதல் தொகையும் உண்டு. மூன்றாவது உதவித்தொகை. பிரிட்டனில் மாற்றுத்திறனாளிகளுக்கான தனிநபர் சுதந்திரக் கொடுப்பனவு தற்காலிகமாக வெளிநாடு போனால் 13 வாரம் வரை தொடரும். குறைந்த வருமானத்தாருக்கான யுனிவர்சல் கிரெடிட் ஒரு மாதம்தான். ஆறு வார உறைவிடத் திட்டத்தை ஒப்புக்கொள்ளும் முன் இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சன்மானமும் வருமானமாகக் கணக்கிடப்படும். ஐரோப்பிய மாற்றுத்திறனாளி அட்டைக்கான சட்டம் 2024இல் நிறைவேறியது, நடைமுறைக்கு வருவது 2028 ஜூன்.

ஆஸ்திரேலியாவிலிருந்து அழைப்பு என்றால்?

அங்கே விசாவுக்கே உடல்நலத் தகுதி உண்டு. விண்ணப்பதாரரால் அரசுக்கு ஏற்படக்கூடிய மருத்துவச் செலவை மதிப்பிடுகிறார்கள். 2024 ஜூலை முதல் வரம்பு 86,000 ஆஸ்திரேலிய டாலர். குறுகிய கால விசாவுக்கு அந்தக் காலத்துச் செலவை மட்டுமே கணக்கிடுவதால் இரண்டு வார நிகழ்ச்சியில் இது பெரும்பாலும் இடிக்காது, ஆனால் மருத்துவ அறிக்கைக்கு நேரம் ஒதுக்குங்கள்.

சன்மானத்தில் வரி பிடித்தார்கள். திரும்பக் கிடைக்குமா?

ஜெர்மனியில் வெளிநாட்டுக் கலைஞருக்கு 15 சதவீதமும் அதன் மேல் 5.5 சதவீதக் கூடுதல் வரியும், மொத்தம் 15.825, ஒரு நிகழ்ச்சிக்கு 250 யூரோவுக்குள் என்றால் பிடித்தம் இல்லை. பிரிட்டனில் 20 சதவீதம். உதவியாளரின் டிக்கெட்டையும் சம்பளத்தையும் உங்கள் பெயரில் ஒரே தொகையாகப் போட்டால் அத்தனையும் உங்கள் வருமானமாகிவிடும் அபாயம் உண்டு. விழாவே நேரடியாகக் கட்டட்டும். பிடித்த வரிக்குச் சான்று இருந்தால் இந்தியாவில் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம். அந்தச் சான்றை எந்தத் தேதிக்குள், யார் அனுப்புவார் என்பதை விமானம் ஏறும் முன் மின்னஞ்சலில் வாங்கிவிடுங்கள். விழா முடிந்ததும் கணக்காளரின் ஒப்பந்தமும் முடிந்துவிடும், அதன் பிறகு பதில் சொல்ல ஆள் இருக்காது.